கால் இல்லாத நாற்காலி

கலோலைனே வாங்கிக் கொடுத்த எந்தப் பொருளும் அவள் அம்மாவிடம் ஒரு மாதம் தாங்கியதில்லை.

ஃபிஜிக்குப் படிக்கப் போன முதல் வருடம், உதவித்தொகையில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வாசனைப் புட்டி வாங்கி வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து கப்பலேறும் முன்பே அது அத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றது. இரண்டாம் வருடம் பூப்போட்ட படுக்கை விரிப்பு; அது யாரோ தூரத்துப் பெரியப்பாவின் சாவுக்குப் போய், அவரோடு மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. மூன்றாம் வருடம் தோள்பை. அந்தத் தோள்பையைத்தான் அவளால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் போதகரம்மா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலின் நடுவே நடந்து வந்தார். கலோ திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மற்ற நாளைவிட உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

போதகரம்மா கேட்டாரா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். கேட்கவில்லை, நல்லா இருக்கு என்று மட்டும்தான் சொன்னாராம்.

"நல்லா இருக்குன்னு சொன்னா தூக்கிக் குடுத்துடுவியா?"

"பின்ன? ஆமா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு, மாட்டிக்கிட்டு எதிர்லயே நிக்கச் சொல்றியா?"

டோங்கா நாட்டின் எவுவா தீவில் இதற்கு மேல் வாதம் கிடையாது. நல்லா இருக்கு என்று ஒருவர் சொன்ன பொருள் பாதி அவருடையது. சொன்னவர் புருஷனின் அக்கா என்றால் பாதி என்ன, முழுசும். டோங்காவில் அப்பாவின் அக்காதான் வீட்டுக்கு மகாராணி. பிறக்கும் பிள்ளைக்கு அவள் பெயர் வைப்பாள், விருந்தில் முதல் பன்றித்துண்டு அவளுக்கு, வீட்டுக்குள் எது வந்தாலும் முதல் பொருள் அவளுக்கு. கலோவின் அப்பா விலியாமி ஆறடி இரண்டு அங்குலம்; அக்கா லெசியெலி படியேறினால் கதவோரமாக நழுவி வெளியே, கல்லைச் சூடாக்கிச் சமைக்கும் அடுப்புக்குழிப் பக்கம் போய்விடுவார். அக்கா இருக்கும் அறையில் தம்பி கால் நீட்டி உட்காருவது மரியாதை இல்லை.

இந்த வருடம் கலோ பட்டதாரி. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தலைநகரில் மீன்வள அலுவலகத்தில் வேலை. ஊரே மெச்சியது. மெச்சியவர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன படித்தாள் என்று தெரியாது, மீதிப் பேருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இனி உங்கள் வீட்டுக்கு என்ன குறை என்றார்கள். குறை என்னவென்று அவளுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதான ஒரு மனுஷிக்கு, இது என்னுடையது என்று சொல்ல உலகத்தில் ஒரு பொருள் இல்லை. எனவே ஒரே முடிவு: இந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு வாங்குவது அம்மாவிடமே நிற்க வேண்டும். ஒரு வருடமாவது.

அக்டோபரிலேயே தேட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை ஃபூசிக்கு என்ன வாங்குவது என்பதில் சிக்கலே இல்லை. ஃபூசி ஊர்ப் பெண்கள் அணியில் ரக்பி ஆடுகிறவள், ஒன்றுவிட்ட அண்ணனின் பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்துக்கொண்டு ஓடுகிறவள். ஆகஸ்டில் ஊருக்குப் போனபோதே கலோ அவளை நிற்கவைத்துப் பழைய செய்தித்தாளில் கால் அளவு வரைந்து எடுத்து வந்திருந்தாள். எதற்கு என்று ஃபூசி கேட்டதற்கு, அலுவலகத்தில் வாத்துகளைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்றாள். அந்தத் தாளோடு மூன்று கடை ஏறி, மஞ்சள் கோடு போட்ட கறுப்பு பூட்ஸ் வாங்கினாள். தாளை உள்ளே விட்டுப் பார்த்தாள். பெருவிரல் முதல் குதிகால் வரை அச்சாகப் பொருந்தியது. நடுக்கடையில் அவளுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. லேசாகக் குதிக்கவும் செய்தாள்.

அத்தைக்கு மூன்றே நிமிடம். சந்தை ஓரத்துக் கடையில் புலி முகம் போட்ட தடிப் போர்வை. பெரியது, பளபளப்பது, நாலு பேர் பார்க்கத் தூக்கிப் பிடிக்கலாம். கலோவின் கணக்கு இதுதான்: புலியைக் கண்ட கண்ணுக்கு வேறெதுவும் தெரியக் கூடாது.

அம்மாவுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. வாசனை, துணி, பை எல்லாம் கைமாறப் பிறந்த பொருள்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும் என்பாள். கேட்டுப் பிரயோசனம் இல்லை, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகஸ்டில் பார்த்ததையெல்லாம் கலோ மனசுக்குள் மறுபடி ஓட்டினாள். காலையில் அம்மா தாழை ஓலையை விரித்துக்கொண்டு தரையில் உட்காருவாள். சுற்றிலும் நாலு பெண்கள். குனிந்து குனிந்து பாய் முடைவாள். மூன்று வரிசைக்கு ஒரு தரம் பின்னால் நகர்ந்து வீட்டுத் தூணில் முதுகைச் சாய்த்து, "அப்பாடா" என்று கண்ணை மூடுவாள். மறுபடி முன்னால் நகர்வாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது ஒரு கை தரையில், ஒரு கை இடுப்பில்.

முதுகு. முதுகுக்கு ஏதாவது வேண்டும்.

நாற்காலி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அத்தை தரையில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் நாத்தனார் தலைக்கு மேல் அவள் தலை போகும். அதைவிட ஊர் நடுவில் அத்தையைக் கன்னத்தில் அறைந்துவிடலாம். அம்மா செத்தாலும் உட்கார மாட்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம், அலுவலக வேலையாகத் துறைமுகத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். வலையின் கண் அளவைக் குறித்துக்கொண்டிருந்தபோது, தூண்டில் கம்புகளுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஏதோ மடங்கிக் கிடந்தது. இழுத்தாள். விரித்தாள். அடியில் தடித்த மெத்தை, பின்னால் நிமிர்ந்த சாய்மானம். கால் இல்லை. படகின் அடித்தளத்தில் வைத்து உட்கார்ந்து தூண்டில் போடுவதற்காம்.

கலோ கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். கடைத் தரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாய்ந்தாள். இருக்கை தரையோடு தரையாக இருந்தது. யார் தலைக்கும் மேலே யார் தலையும் போகாது. உட்காரும் உயரத்துக்குத்தான் ஊரில் சட்டம் உண்டு. சாய்வதற்குச் சட்டம் கிடையாது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, அது படகுக்குங்க என்றார். தெரியும் என்றாள். படகு எங்க இருக்கு என்றார். எங்கம்மாதான் படகு என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கப்பல் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பிதுங்கியது. கோழிக்கூடு, கேக் பெட்டி, நியூசிலாந்து உறவினர்கள் சாமான் அடைத்து அனுப்பிய பீப்பாய், வாந்தியெடுக்கும் பிள்ளைகள். கலோ செய்தித்தாளில் சுற்றிய நாற்காலியை மடியைவிட்டு இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் அது என்ன என்று மூன்று முறை கேட்டாள். மீன்பிடிச் சாமான் என்று மூன்று முறையும் சொன்னாள். பொய் இல்லை. அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் அவளுக்குக் குமட்டவில்லை, சந்தோஷம்தான் பொங்கியது. அம்மா முதன்முதலில் சாயும்போது முகம் எப்படி இருக்கும் என்று முந்நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள்.

திட்டம் தெளிவாக இருந்தது. கரை இறங்கியதும் முதலில் அத்தை வீடு. புலியைக் கொடுத்து, கன்னத்தில் முத்தம் வாங்கிக்கொண்டு, முதல் பொருள் அவளுக்குப் போயிற்று என்று ஆன பிறகு வீட்டுக்கு. அப்புறம் நாற்காலி.

அத்தை வீடு பூட்டியிருந்தது. கோயிலுக்குத்தான் போயிருப்பாள் என்று கலோ தன் வீட்டுக்கு நடந்தாள்.

அத்தை கலோ வீட்டு நடுக்கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு, அதைவிட நிமிர்ந்த முகவாய். கிறிஸ்துமஸுக்கு விரிக்கப் பாய் முடிந்ததா என்று பார்க்க வந்தவள். அப்பா வழக்கம்போல வெளியே அடுப்புக்குழியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பாயின் கடைசி ஓரத்தில் குனிந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் ஒரு கை தரையில், ஒரு கை இடுப்பில் வைத்து எழுந்தாள். எழும்போது "அம்மா" என்று ஒரு முனகல்.

அந்த முனகல் போதும். கலோவுக்குத் திட்டம் மறந்தது, புலி மறந்தது, அத்தை இருப்பதே மறந்தது. நீ எழுந்திருக்காதே, உட்கார் உட்கார் என்று கத்திக்கொண்டே செய்தித்தாளைக் கிழித்தாள். நாற்காலியை விரித்துப் பாயருகே போட்டுத் தட்டிக் காட்டினாள்.

அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "என்னடி இது, காலைக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"கால் கிடையாது அத்தை. தரையில வெச்சுச் சாஞ்சுக்கிறது. அம்மாவுக்கு."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் காதில் விழுந்தது. வீட்டுக்குள் பிரித்த முதல் பொருள். அதை அத்தையின் முகத்துக்கு நேரே அம்மாவுக்கு என்று சொல்லியாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைகூட இந்த ஊரில் இந்தத் தப்பைச் செய்யாது. மூலையில் இருந்த ஃபூசி, செத்தாய் நீ என்பதுபோல் அக்காவைப் பார்த்தாள்.

அம்மாதான் முந்திக்கொண்டாள். "உங்களுக்குத்தான் அண்ணி. இவளுக்கு எப்பவும் பேச்சுல அவசரம். உக்காந்து பாருங்க." சொல்லிக்கொண்டே நாற்காலியை அத்தை பக்கம் தள்ளினாள். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் கலோவுக்குக் கண்டால் ஆகாது.

அத்தை நகர்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்தாள். கண்ணை மூடினாள்.

முகவாய் மெல்ல இறங்கியது, தோள் இறங்கியது. "ரெண்டு வருஷம் இருக்கும், இந்த முதுகு எதையாச்சும் தொட்டு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

ஏப்ரலில் சித்தப்பா இறந்தபோது அத்தை பிணத்தின் தலைமாட்டில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தது கலோவுக்கு நினைவு வந்தது. அது அவளுக்குரிய இடம். அந்த இடத்தில் சாயக் கூடாது, எழக் கூடாது. கடைசியில் இரண்டு பெண்கள் தூக்கித்தான் அவளை எழுப்பினார்கள். அன்றைக்குக் கலோ அத்தை முன்னால் மொய்யாகக் குவிந்த பாய்களைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாள், அவள் முதுகைப் பார்க்கவில்லை. பைக்குள் புலி உறுத்தியது. மூன்று நிமிடத்தில் வாங்கிய புலி.

உறுத்தியது உண்மை. அதற்காக நாற்காலியை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அத்தை கண்ணைத் திறந்தாள். "இது எனக்கு."

"உங்களுக்குத்தான் அண்ணி" என்றாள் அம்மா.

ஆயிற்று. மூன்று மாதத் தேடல், மூன்று மணி நேரக் கடல், அரை நிமிடத்தில் முடிந்தது. கலோவுக்குக் காது சுட்டது. அத்தை இதை எடுத்துப் போவாள். அடுத்த சாவு வீட்டில் இது இன்னொருத்தருக்குப் போகும். அதற்கடுத்த மாதம் போதகரம்மாவின் பின்னால் இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தையாகக் கொடுத்தால்தான் உண்டே தவிர, அவளிடமிருந்து பிடுங்க ஆள் இல்லை. அங்கே அவள் யோசனை நின்றது. அத்தையிடமிருந்து பிடுங்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

"சரி அத்தை, உங்களுதுதான்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கலோ" என்று அம்மா அதட்டினாள்.

"உங்க பொருள் இங்க கிடக்குதுன்னு வைங்க. யாராச்சும் வந்து நல்லா இருக்குன்னு சொன்னா, அம்மா அதத் தூக்கிக் குடுக்க முடியுமா?"

"என் பொருளக் குடுக்க இவ யாரு?"

"போதகரம்மா சொன்னா?"

"அவங்க புருஷனே வந்து சொன்னாலும் என்கிட்டதான் வரணும்."

"அப்ப இது உங்களுதாவே இருக்கட்டும் அத்தை, ஆனா இங்கயே இருக்கட்டும். உங்க வீட்டுக்குப் போனா பத்தே நாள்ல எழவு வீட்டுக்குப் போயிடும், நீங்களே குடுத்துடுவீங்க. இங்க இருந்தா, நீங்க வர்றப்ப நீங்க சாஞ்சுக்கோங்க. மத்த நேரம் அம்மா அதுல உக்காந்து பாய் முடையட்டும். உங்க பாயும்தானே அதுல இருக்கு? உங்க பொருளுக்கு அம்மா காவல்."

அத்தையிடம் பேரம் பேசிய பெண் அந்தக் குடும்பத்தில் இதுவரை இல்லை. வெளியே கல் அடுக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அப்பா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இதச் சொல்லத்தான் நாலு வருஷம் படிச்சியா?"

"இல்ல அத்தை, படிச்சது மீனப் பத்தி. இது சொந்தப் புத்தி."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். சாய்ந்து சிரிப்பது வசதியாக இருந்ததாலோ என்னவோ நிறுத்தாமல் சிரித்தாள். சரி, எனக்கு என்று நினைத்து என்ன வாங்கினாய், அதைக் காட்டு என்றாள். கலோ புலியை வெளியே எடுத்தாள். அத்தை அதன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இது மாதிரி ஆறு புலி கட்டிக் கிடக்கு" என்றாள். "இதுவும் போய்ச் சேரட்டும், துணையா இருக்கும்."

புறப்படும்போது நாற்காலியை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். அது தன் பொருள், யாருக்காவது போயிற்று என்று காதில் விழக் கூடாது, சும்மா போட்டு வைத்தால் பூசணம் பிடிக்கும் என்றாள். அம்மா தயங்கி நின்றாள். "உக்காருன்னு சொல்றேன்ல" என்று ஒரு அதட்டல். அம்மா உட்கார்ந்தாள். நாத்தனார் சொன்னதைத் தட்டாமல்தான் உட்கார்ந்தாள். சாய்ந்தபோது கலோ கப்பலில் நினைத்த முந்நூறு முகங்களில் ஒன்றுகூட இல்லை. வாய் லேசாகத் திறந்து, யாரோ எதிர்பாராமல் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டதுபோல அம்மா வெறுமனே ஆச்சரியப்பட்டாள்.

ஃபூசி அதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெருவில் இருந்தாள். வாத்து ஆராய்ச்சி வெற்றி என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டே ஓடினாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, பன்றி வெந்தது, பாட்டுக்குழு மூன்று தெருவையும் தூங்கவிடவில்லை. ஆனால் கலோவுக்கு விழா முடிந்த மூன்றாம் நாள்தான் பரீட்சை. போதகரம்மா வந்தார், அதே தோள்பையோடு. அம்மா பாய் முடைந்துகொண்டிருந்தாள், நீல நாற்காலியில். கலோ ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்க் கதையெல்லாம் பேசிய பிறகு போதகரம்மாவின் கண் இறங்கியது. "ரொம்ப நல்லா இருக்கே இது."

அம்மாவின் வலது கை தன்னால் நாற்காலி முதுகைப் பிடித்துவிட்டது. பழக்கம். இடுப்புகூட அரை அங்குலம் எழும்பியது. பிறகு நின்றது.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் அம்மா. "எங்க அண்ணியோடது."

"லெசியெலியம்மாவோடதா?" சுட்ட கல்லைத் தொட்டவர்போல் போதகரம்மா கையை இழுத்துக்கொண்டார். தொடவே இல்லை, தொட நீட்டிய கைதான். பேச்சு உடனே வருகிற ஜெப வாரத்துக்குத் தாவியது. அம்மா மெல்ல, மிக மெல்ல, மறுபடி சாய்ந்தாள்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒன்றைக் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். அதன் ருசி அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது அன்று சாயங்காலமே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஃபூசியின் பூட்ஸ் நல்லா இருக்கு, என் மகளும் ஆடுகிறாள் என்று ஆரம்பித்தாள். அம்மா ஓலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அதுவும் அவங்க அத்தையோடது" என்றாள்.

கலோ உள்ளே ஓடிப்போய்த் தலையணையில் முகத்தை அமுக்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் துறைமுகக் கடைக்குப் போன் போட்டாள். நீலம் தீர்ந்துவிட்டது, பச்சை ஒன்று இருக்கிறது என்றார் கடைக்காரர். இந்தப் படகு யார் என்றும் கேட்டார். எங்க அத்தை என்றாள். புது வருடக் கப்பலில் அது வந்து இறங்கியது. அத்தைக்கென்று மூன்று நிமிடத்துக்கு மேல் யோசித்து அவள் வாங்கிய முதல் பொருள்.

பச்சை நாற்காலியில் அத்தை சாய்ந்தாள், நீலத்தில் அம்மா. நடுவே முடியாத ஒரு பாய். இது எங்கேயும் போகாது, சாவு வீட்டுத் தலைமாட்டுக்கும் இனி இதைத்தான் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன், எவன் கேட்கிறான் பார்ப்போம் என்றாள் அத்தை. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நான் பூட்ஸ் போட்டு ரக்பி ஆடுறதா ஊருக்குள்ள பேசிக்கிறாங்களே. என்ன விஷயம்?"

அம்மாவின் விரல் ஓலையில் ஒரு பின்னலைத் தவறவிட்டது. ஆனால் முதுகு சாய்ந்தபடியே இருந்தது.

"ஆடுங்க அண்ணி" என்றாள். "யாரு வேணாங்கிறா?"